நேற்றும் நாளையும் பிறக்கும் இடம்

கனடாவின் டொராண்டோ நகரில், 1980களில் ஒரு நாள், என்டெல் டல்விங் என்னும் உளவியல் பேராசிரியர் தமக்கு எதிரே அமர்ந்திருந்த ஒருவரிடம் மிகச் சாதாரணமான கேள்வி ஒன்றைக் கேட்டார்: நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? கேட்கப்பட்டவர் நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, லேசாகப் புன்னகைத்து, தெரியவில்லை என்றார். அதைப் பற்றி எண்ண முயலும்போது உள்ளத்தில் என்ன தோன்றுகிறது என்று வினவியபோது, ஒன்றுமே தோன்றவில்லை, வெறுமையாக இருக்கிறது என்றும், நேற்றைப் பற்றி எண்ண முயன்றாலும் இதே வெறுமைதான் என்றும் சொன்னார்.

ஆராய்ச்சி ஏடுகளில் நெடுங்காலம் கே.சி. என்ற எழுத்துக்களால் குறிக்கப்பட்ட கென்ட் காக்ரேன் என்பவரே அந்த மனிதர். 1981ஆம் ஆண்டு, தமது முப்பதாவது வயதில், மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் பலத்த காயமுற்றுப் பிழைத்தெழுந்த அவருக்குப் பேச்சு தடுமாறவில்லை, புத்தியும் மழுங்கிவிடவில்லை, சதுரங்கம் ஆடுவார், குகையின் கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்புப் பாறைக்கும் தரையிலிருந்து எழும் பாறைக்கும் என்ன வேற்றுமை என்று கேட்டால் பிழையின்றி விடை கூறுவார், குடும்பத்துக்குச் சொந்தமான கோடைகால விடுதி எங்கே இருக்கிறது என்பதை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுவார். ஆயினும் அந்த விடுதியில் கழித்த மாலைப் பொழுதுகளில் ஒன்றையோ, ஆடிய சதுரங்க ஆட்டங்களில் ஒன்றையோ, உடன்பிறந்தான் இறந்த செய்தி தம் செவியில் விழுந்த வேளையையோ, தமக்கு நேர்ந்த அனுபவமாக அவரால் உள்ளத்தில் எழுப்பிப் பார்க்க இயலவில்லை.

டல்விங் இதைக் கண்டு வியந்ததற்குக் காரணம் உண்டு. ஞாபகம் என்று நாம் ஒரே பெயரால் வழங்குவது உண்மையில் ஒரே சக்தி அன்று என்பதையும், உலகத்தைப் பற்றிய பொதுச் செய்திகளை அறிந்து வைத்திருப்பது ஒரு வகை, தான் வாழ்ந்த ஒரு சம்பவத்தை அதன் இடத்தோடும் காலத்தோடும் மீண்டும் அனுபவிப்பது வேறொரு வகை என்பதையும் 1972ஆம் ஆண்டிலேயே பிரித்துக் காட்டியவர் அவர். டில்லி இந்தியாவின் தலைநகரம் என்று அறிந்திருப்பது முன்னதைச் சாரும்; டில்லி ரயில் நிலையத்தில் முதன்முதலாக இறங்கிய விடியற்காலையில் உடலைத் துளைத்த குளிரை மறுபடியும் உணர்வது பின்னதைச் சாரும். காக்ரேனிடம் முன்னது பெரும்பாலும் குறையாமல் நிற்க, பின்னது அடியோடு அழிந்திருந்தது; அது அழிந்த இடத்தில், யாரும் எதிர்பாராத வண்ணம், நாளை என்னும் காட்சியும் சேர்ந்தே அழிந்திருந்தது.

ஞாபகம் சென்ற காலத்துக்கு உரியது, கற்பனை இல்லாத பொருளுக்கு உரியது என்று பிரித்து வைத்தே மனித குலம் நெடுங்காலமாகப் பழகியிருக்கிறது. பதஞ்சலியின் யோக சூத்திரம் சித்தத்தின் விருத்திகளை ஐந்தாக வகுத்தபோது, பொருளின்றி எழும் எண்ணமாகிய விகல்பத்தையும் ஞாபகமாகிய ஸ்மிருதியையும் தனித்தனியே நிறுத்தியது. நியாய சாஸ்திரம் வல்லாரோ, முன்பு பெற்ற அனுபவம் விட்டுச்சென்ற சம்ஸ்காரத்திலிருந்து மட்டுமே ஸ்மிருதி பிறக்கிறது என்பதைக் காட்டி, அதை அறிவுக்கு ஆதாரமான பிரமாணங்களின் வரிசையில் சேர்க்கவே மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பில் அடங்கியிருந்த எச்சரிக்கை எத்தனை விவேகமானது என்பதைப் பின்னால் பார்ப்போம். இப்போது சொல்ல வேண்டியது ஒன்று: ஞாபகமும் கற்பனையும் மூளையில் ஏறத்தாழ ஒரே இடத்தில், ஒரே முறையில் உருவாகின்றன, சென்றதைக் காத்து வைப்பது ஞாபகத்தின் பாதி வேலைதான், வரப்போவதை முன்கூட்டியே மனத்தில் நடத்திப் பார்ப்பதற்கு வேண்டிய பொருளைத் தருவது அதன் மறுபாதி வேலை. இவ்வாறு கொண்டாலன்றி, ஞாபகத்தின் பலத்தையும் அதன் விசித்திரமான பலவீனத்தையும் ஒருங்கே விளங்கிக்கொள்ள முடியாது என்பது என் துணிபு.

அந்த இடம் எது என்பதை உலகுக்குக் காட்டியது ஒரு பெருந்துயரம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1926ஆம் ஆண்டு பிறந்த ஹென்றி மொலேசன், இளமையிலிருந்தே காக்காய் வலிப்பினால் அல்லலுற்று, எந்த மருந்துக்கும் கட்டுப்படாத நிலையில், 1953ஆம் ஆண்டு தமது 27ஆம் வயதில் வில்லியம் ஸ்கோவில் என்னும் அறுவை மருத்துவரிடம் தம்மை ஒப்படைத்தார். புருவங்களுக்கு மேலே இரு துளைகள் இட்டு, அவற்றின் வழியாக, பொட்டுப் பகுதி மடல்களின் உட்புறத்தில் இருந்த திசுக்களை மருத்துவர் இரு பக்கங்களிலும் உறிஞ்சி எடுத்தார். ஹிப்போகாம்பஸ் என்று உடற்கூற்று வல்லார் அழைப்பதும், கடற்குதிரையைப் போல வளைந்து கிடப்பதுமான உறுப்பின் பெரும்பகுதி அத்துடன் போயிற்று. வலிப்பு பெரிதும் தணிந்தது. ஆனால் அன்று முதல் 55 ஆண்டுக்காலம், 2008ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவர் கண்மூடும் வரை, புதிய சம்பவம் எதுவும் அவர் உள்ளத்தில் சில நிமிஷங்களுக்கு மேல் தங்கவில்லை. நாள்தோறும் வந்து பரிசோதித்த ஆராய்ச்சியாளரை நாள்தோறும் புதியவராகவே வரவேற்றார்.

மான்ட்ரியாலிலிருந்து ரயிலேறி வந்து அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் செய்த பரிசோதனை ஒன்றைச் சற்று நெருங்கி நின்று பார்ப்போம். மேஜைமேல் ஒரு காகிதம். அதில் ஒன்றனுள் ஒன்றாக இரட்டைக் கோட்டினால் வரைந்த நட்சத்திரம். ஹென்றியின் கையும் காகிதமும் அவர் நேரே பார்க்க முடியாதவாறு மறைக்கப்பட்டிருக்கின்றன. எதிரேயுள்ள கண்ணாடியில் மட்டும் அவை தெரிகின்றன. இரு கோடுகளுக்கும் இடையே, எதையும் தொடாமல், பென்சிலால் நட்சத்திரத்தைச் சுற்றி வர வேண்டும். கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிவதால், மேலே போக எண்ணிய கை கீழே போகும்; முனைகளில் பென்சில் திணறி நின்று கோட்டைத் தாண்டும். எல்லோருக்கும் போலவே ஹென்றிக்கும் முதல் நாள் இப்படித்தான் நேர்ந்தது. மூன்று நாள் பயிற்சிக்குப் பின் அவர் கை தயக்கமின்றி, பிழையின்றி நட்சத்திரத்தை வரைந்து முடித்தது. ஆனால் அந்தக் காகிதத்தையும் கண்ணாடியையும் தாம் முன்பே கண்டதாக அவருக்கு நினைவே இல்லை. கடினமாக இருக்கும் என்று எண்ணிய காரியம் இவ்வளவு நன்றாக வந்துவிட்டதே என்று அவரே ஆச்சரியப்பட்டார். கை கற்றது, கற்ற கதையை வைத்திருக்க வேண்டிய உறுப்பு அவரிடம் இல்லை.

பிற்காலத்தில் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த சூசன் கார்க்கின், நாளை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டபோது, எது நன்மையோ அதைச் செய்வேன் என்னும் பொருளில் அவர் விடையளித்தாராம். அந்தப் பதிலில் ஒரு சாந்தம் இருக்கிறது. ஆனால் நாளை என்னும் காட்சி ஒன்றும் அதில் இல்லை. ஹென்றி மறைந்த மறு ஆண்டு, கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில், உறைய வைத்த அவரது மூளையை 53 மணி நேரம் இடையறாது உழைத்து 2,401 மெல்லிய தகடுகளாகச் சீவிப் பாதுகாத்தார்கள். தம் துன்பத்தின் மூலம் மனித ஞாபகத்தைப் பற்றி இவ்வளவு கற்பித்த இன்னொரு மனிதரை விஞ்ஞான சரித்திரத்தில் நான் அறியேன்.

இனி, அந்தச் சிறு உறுப்பு செய்வது என்ன? ஒரு தேர்த்திருவிழாவை நேரில் காண்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தேரின் நிறமும் அசைவும் மூளையின் பின்புறத்தில் பதிகின்றன. நாதஸ்வரத்தின் ஒலி பக்கவாட்டில் வேறோர் இடத்தில். கற்பூர வாசனைக்கு ஓர் இடம். கூட்ட நெரிசலில் எழுந்த அச்சத்துக்கு ஓர் இடம். இவையெல்லாம் ஒரே வேளையில் நிகழ்ந்தவை என்று பிணைத்து வைக்கும் தொழில் ஹிப்போகாம்பஸுக்கு உரியது. அந்தப் பிணைப்பு எவ்வாறு நிலைபெறுகிறது என்பதற்கான முதற்குறிப்பை, 1973ஆம் ஆண்டு, ஆஸ்லோ நகரில் முயல்களை வைத்து ஆராய்ந்த டிம் பிளிஸ், டெர்யே லோமோ ஆகிய இருவரும் வெளியிட்டார்கள்: இவ்வுறுப்புக்குச் செல்லும் நரம்பிழைகளில் சில வினாடிகளே வேகமான மின்தூண்டல் கொடுத்தாலும், அதன் பிறகு மணிக்கணக்காக, நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடக்கும் வன்மை உயர்ந்தே நிற்கிறது. பின்னொரு நாள் கற்பூர வாசனை மட்டும் எங்கிருந்தோ வந்து நாசியில் ஏறினால், அந்த ஒரு நுனியைப் பற்றிக்கொண்டு ஹிப்போகாம்பஸ் மற்றவற்றை அழைக்க, கண்ணுக்குரிய பகுதியும் செவிக்குரிய பகுதியும் மீண்டும் விழித்தெழுந்து, தேர் கண்முன் வருகிறது.

ஆகவே மூளையில் முழுப்படமாக எதுவும் சேமித்து வைக்கப்படவில்லை. வாசலில் கோலமிடும் பெண்ணின் உள்ளத்தில் இருப்பது புள்ளிகளின் வரிசையும் இழை செல்லும் முறையுமே. கோலம் ஒவ்வொரு காலையும் புதிதாகவே இடப்படுகிறது. அவ்வாறே, நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் நாம் சம்பவத்தைப் புதிதாகவே அமைக்கிறோம். இதை ஒப்புக்கொண்டால், அடுத்த படி தானே வந்து சேரும்: பழைய புள்ளிகளை வைத்தே, இதுவரை இடாத கோலம் ஒன்றையும் இடலாம் அல்லவா?

இக்கேள்விக்கு 2007ஆம் ஆண்டு பல திசைகளிலிருந்து விடை கிடைத்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் டெமிஸ் ஹசாபிஸும் எலினார் மெக்வயரும், இரு பக்க ஹிப்போகாம்பஸும் பழுதுற்ற ஐவரை அழைத்து, வெண்மணல் பரந்த அழகிய கடற்கரை ஒன்றில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள், காண்பதைச் சொல்லுங்கள் என்றார்கள். நோயற்றவர்களிடம் இதைச் சொன்னால், மணலின் சூடும், வலப்புறத்துப் பனைமரமும், அதன் நிழல் விழும் திசையும், தூரத்துப் படகும் ஒன்றுக்கொன்று இடமறிந்து நின்று ஒரே காட்சியாகத் திரளும். அந்த ஐவரில் நால்வருக்கோ வானம் என்றொரு சொல், கடலொலி என்றொரு சொல் என்று உதிரியாகவே வந்ததேயன்றி, அவை கூடி நிற்பதற்கு ஓர் இடம் உருவாகவில்லை. கடற்கரை என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே போய்ப் படுக்க அவர்களால் முடியவில்லை. அதே ஆண்டில், ஹார்வர்டில் டானா ரோஸ் ஆடிஸும் டேனியல் ஷாக்டரும், இளைஞர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, நடந்த சம்பவம் ஒன்றையும் நடக்கக்கூடிய சம்பவம் ஒன்றையும் மாறிமாறி நினைக்கச் செய்து பார்த்தபோது, விவரங்களை விரித்துக்கொண்டிருக்கும் வேளையில் இரண்டுக்கும் பெரும்பாலும் மூளையின் ஒரே பகுதிகளே கிளர்ச்சியுற்றன. அவ்வாண்டின் தலைசிறந்த கண்டுபிடிப்புகளை வரிசைப்படுத்திய அமெரிக்காவின் 'சயின்ஸ்' சஞ்சிகை, இந்த ஆராய்ச்சிகளுக்கும் அப்பட்டியலில் ஓர் இடம் கொடுத்தது.

இவற்றோடு நான் மிகவும் போற்றுவது, மினசோட்டாவில் ஆடம் ஜான்சனும் டேவிட் ரெடிஷும் எலிகளிடம் கண்டது. எலி எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்துக்கென்றே அதன் ஹிப்போகாம்பஸில் சில நரம்பணுக்கள் துடிக்கும் என்பதை ஜான் ஓகீஃப் 1971ஆம் ஆண்டிலேயே கண்டறிந்து, அதற்காகப் பின்னர் நோபல் பரிசும் பெற்றார். மினசோட்டா எலிகள், வழி இரண்டாகப் பிரியும் முனையில் வந்து, சற்றே தயங்கி, தலையை இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்க்கும் வேளையில், அவை இன்னும் காலெடுத்து வைக்காத பாதைக்குரிய அணுக்கள், முதலில் ஒரு வழிக்கும் பிறகு மறு வழிக்குமாக, வரிசை தவறாமல் துடித்தன. உடல் நின்ற இடத்தில் நிற்க, ஞாபகம் முன்னே சென்று பார்த்துவிட்டுத் திரும்பியது. கற்பனை என்பதைக் கவிஞருக்கும் ஓவியருக்கும் மட்டும் வாய்த்த வரமாக எண்ணுகிறவர்கள், அந்தச் சிறு பிராணியின் தயக்கத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு மாறுபட்ட கருத்தும் உண்டு. சான் டியேகோவில் லாரி ஸ்குவயரின் குழுவினர், பழுது ஹிப்போகாம்பஸ் அளவிலேயே நின்றுவிட்ட நோயாளிகள் எதிர்காலத்தை நன்றாகவே கற்பனை செய்கிறார்கள் என்று 2010ஆம் ஆண்டில் எழுதினார்கள். அப்படியானால் குறை சுற்றியுள்ள பகுதிகளில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். எல்லைக் கோட்டைப் பற்றிய இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் இரு தரப்பு வாதத்தையும் கேட்ட பின், ஞாபகமும் கற்பனையும் ஒரே குடும்பம் என்பதை மறுக்கத்தக்க காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

இந்த உறவுக்கு நாம் கொடுக்கும் விலையும் சிறிதன்று. பழைய துண்டுகளைக் கழற்றிப் புதிதாகச் சேர்க்கவல்ல அமைப்பு, சில வேளைகளில் பழையதை நினைக்கும்போதே தவறாகச் சேர்த்துவிடும். 1986ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று 'சாலஞ்சர்' விண்வெளி ஓடம் வானில் வெடித்துச் சிதறியது. அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் இருந்த உல்ரிக் நைசர், மறுநாள் காலையிலேயே, அச்செய்தியை எங்கே, யார் மூலம், என்ன செய்துகொண்டிருக்கும்போது அறிந்தீர்கள் என்று மாணவர்களை எழுதித் தரச் செய்து, அந்தத் தாள்களைப் பத்திரப்படுத்தினார். ஏறக்குறைய மூன்றாண்டு கழித்து அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டு, இரு விடைகளையும் ஒப்பிட்டார். மூவர் மட்டுமே எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்கள்; பதினொருவரின் விடையில் எதுவுமே பொருந்தவில்லை. தவறாகச் சொன்னவர்களும் உறுதியோடும், கண்ணால் காண்பது போன்ற தெளிவோடும் சொன்னார்கள். தாங்களே எழுதிய தாளை எடுத்துக் கையில் கொடுத்தபோதும், அந்தப் பழைய உண்மை யாருக்கும் ஞாபகத்தில் எழவில்லை. எழுத்து என்னுடையதுதான், ஆனால் நடந்தது அப்படி அன்று என்று சாதித்தவர்களும் உண்டு.

எலிசபெத் லாஃப்டஸ் 1974இல் செய்த ஆராய்ச்சி இன்னும் கவலை தருவது. மோட்டார் விபத்துப் படம் ஒன்றைப் பலருக்குக் காட்டி, சிலரிடம் கார்கள் மோதியபோது வேகம் என்ன என்றும், சிலரிடம் நொறுங்க மோதியபோது வேகம் என்ன என்றும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று வினவியபோது, முதல் வகையாரில் 50 பேருக்கு 7 பேரும், இரண்டாம் வகையாரில் 50 பேருக்கு 16 பேரும் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடி இல்லை. கேட்டவரின் கேள்வியில் இருந்த ஒரே ஒரு சொல், சாட்சியின் கண்ணில் கண்ணாடித் துண்டுகளைச் சிருஷ்டித்துவிட்டது. ஸ்மிருதியைப் பிரமாணமாகக் கொள்ள மறுத்த நியாய சாஸ்திரிகளை இந்த இடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் நிரபராதிகள் என்று பின்னாளில் நிரூபிக்கப்பட்டவர்களின் வழக்குகளை ஆராய்ந்தபோது, கண்ணால் கண்ட சாட்சி அடையாளம் காட்டியதில் நேர்ந்த பிழையே முக்கிய காரணங்களில் ஒன்றாக இருந்தது. அந்தச் சாட்சிகளிற் பலர் பொய்யர் அல்லர். மனமாரச் சத்தியம் செய்தவர்கள். சாட்சியின் உறுதியையே உண்மைக்கு அளவுகோலாகக் கொள்ளும் வழக்கத்தை நீதிமன்றங்கள் இனியேனும் கைவிட வேண்டும் என்று நான் மனப்பூர்வமாக வேண்டுகிறேன்.

அப்படியானால், கண்டது எது, கற்பித்தது எது என்று மூளை எதைக்கொண்டு பிரிக்கிறது? கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செவ்ஸ் பெர்க்கி என்னும் பெண்மணி 1910ஆம் ஆண்டு வெளியிட்ட பரிசோதனை இதற்கு நல்ல முன்னுரை. வெறும் திரையைப் பார்த்து வாழைப்பழத்தைக் கற்பனை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, கண்ணுக்கு எட்டியும் எட்டாததுமான மங்கலான வாழைப்பழ உருவத்தைப் பின்னாலிருந்து மெல்லத் திரையில் விழச் செய்தார். பார்த்தவர்கள் அதைத் தங்கள் கற்பனை என்றே நம்பினார்கள். பழத்தைக் கிடத்தி நினைத்தேன், ஆனால் அது நிமிர்ந்து நிற்கிறதே என்று வியந்தவர்களுக்கும் சந்தேகம் பிறக்கவில்லை. பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள், முக்கியமாக மார்சியா ஜான்சன், காட்டியது என்னவென்றால், ஞாபகத்தின் நெற்றியில் உண்மை என்ற முத்திரை எதுவும் இல்லை. நிறமும் ஒலியும் இடமும் நிறைந்து வருவதைக் கண்டதென்றும், எண்ண முயன்ற சுவடு மிகுந்து வருவதைக் கற்பித்ததென்றும் மூளை ஒவ்வொரு முறையும் தீர்ப்பளிக்கிறது. அந்தத் தீர்ப்பில் பெரும்பங்கு நெற்றிக்குப் பின்னேயுள்ள முன்மடலுக்கு உரியது. தெளிவாகக் கற்பித்த ஒன்றை நாளடைவில் கண்டதாகவே நம்பிவிடுவதன் ரகசியம் இதுதான்.

மனித வாழ்வின் இரு ஓரங்களிலும் இந்த உறவைக் காணலாம். மூன்று வயதுக் குழந்தையிடம் நேற்று என்ன செய்தாய் என்று கேட்டாலும், நாளை என்ன செய்வாய் என்று கேட்டாலும், விடை பெரும்பாலும் தடுமாறும். நான்கு, ஐந்து வயதில் இரண்டும் ஏறத்தாழ ஒருசேரக் கைவருகின்றன. முதுமையில், பழைய சம்பவங்களின் நுண்ணிய விவரங்கள் குறையக் குறைய, எதிர்காலத்தைப் பற்றிச் சொல்லும்போதும் விவரங்கள் குறைவதை ஆடிஸும் ஷாக்டரும் 2008இல் அளந்து காட்டினார்கள். ஆனால் இந்த ஆராய்ச்சிகளில் என் நெஞ்சை மிகவும் தொட்டது, மார்க் வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலேயர், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் கண்டது. மகிழ்ச்சியாக இருந்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள் என்றால், மற்றவர்கள் இன்ன மாலையில் இன்னாருடன் இன்ன இடத்தில் இருந்தேன் என்பார்கள். இவர்களோ, ஊருக்குப் போகும்போதெல்லாம் மகிழ்ச்சியாக இருப்பேன் என்று பொதுவாகச் சொல்லி நின்றுவிடுவார்கள். குறிப்பிட்ட ஒரு பொழுது அவர்களுக்கு எழுவதில்லை. அதைப் போலவே, குறிப்பிட்ட ஒரு நாளையும் எழுவதில்லை. இனி நன்றாக இருக்கும் என்று பொதுவாக எத்தனை முறை தேற்றினாலும் அவர்களுக்கு அது எட்டாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நம்பிக்கை குடியேற ஒரு தெருவும், ஒரு மணி வேளையும், கூட இருக்கும் ஒரு முகமும் தேவைப்படுகின்றன.

இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து ஒரு பயிற்சி பிறந்தது. மனச்சோர்வு உற்றவர்களைக் குழுவாக அமரச் செய்து, ஒரு சொல்லைக் கொடுத்து, அதனோடு தொடர்புடைய ஒரே ஒரு நாளின் ஒரே ஒரு சம்பவத்தை, யார் இருந்தார்கள், எந்த உடை, என்ன ஒலி என்று விவரம் விவரமாக எழுப்பச் சொல்வது. அடுத்த வாரம் வேறு சொற்களோடு மீண்டும் அதையே செய்வது. பெல்ஜியத்தில் பிலிப் ராஸ் முதலானோர் 2009இல் வெளியிட்ட முதல் முயற்சியில், இந்தப் பயிற்சிக்குப் பின் நோயாளிகளின் ஞாபகம் பொதுமையிலிருந்து விலகிக் குறிப்பிட்ட பொழுதுகளை நாடிச் சென்றது. ஹார்வர்டில் ஷாக்டரும் கெவின் மடோரும் நோயற்றவர்களுக்கே இதன் சுருக்கமான வடிவத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள்: சிறு படம் ஒன்றைக் காட்டி, கண்டதையெல்லாம் ஒன்று விடாமல் நினைவுகூரச் செய்தார்கள். உடனே தொடர்ந்த சோதனையில், சென்ற காலச் சம்பவங்களும், இன்னும் நடவாத சம்பவங்களும், முன்னைவிட மிகுதியான விவரங்களோடு அவர்கள் வாயிலிருந்து வந்தன. அதற்கு மேலும் ஒன்று: அன்றாடம் புழங்கும் ஒரு பொருளை வழக்கத்துக்கு மாறாக வேறு எவ்வெவற்றுக்குப் பயன்படுத்தலாம் என்று கேட்டபோது, அவ்வாறு நினைவுகூர்ந்து பழகியவர்களே அதிகமான புதிய வழிகளைச் சொன்னார்கள்.